கழுத்துக் கட்டிக்கு ஜாஃபர் பாய் போட்ட கிரேடு

1. ரிஜக்ட்

"நாலாங் கிரேடுன்னு போட்டிருக்கீங்க மேடம். நாலுன்னா ரிஜக்ட். என் சம்சாரத்த ரிஜக்ட்டுன்னு எழுதிக் குடுக்க நீங்க யாரு?"

ஜாஃபர் பாய் ரிப்போர்ட்டை என் கவுன்டர் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு கத்தினார். காலை பதினோரு மணி. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசை. அதில் நாலு பேர் வயிற்று ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே டாக்டர் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் என்ன பேசியிருப்பேனோ.

நான் ஆம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். ஜோலார்பேட்டையில் வீடு, ரயில்வே குடும்பம், தினமும் ரயிலில் வந்து போனேன். டாக்டர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே சொல்வதை டைப் அடிப்பது, பிரிண்ட் எடுப்பது, கையெழுத்து வாங்குவது, கவரில் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பது, இதுதான் வேலை. போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "ஸ்டெல்லா மேடம், இந்த ஜனங்க இன்னா கேக்குறாங்கன்னே புரியல" என்று போனில் புலம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாஃபர் பாய் ஒரு தோல் கம்பெனியில் செலெக்‌ஷன் மாஸ்டர். பதப்படுத்தி முடித்த தோல் மேஜைக்கு வந்ததும் மேல் பக்கத்தைக் கையால் தடவுவார். அப்படியே புரட்டிச் சதைப் பக்கத்தைப் பார்ப்பார். உண்ணிக் கடி, முள் கீறல், கத்தி வெட்டு எல்லாம் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீஸால் எழுதுவார். ஒன்று என்றால் வெளிநாட்டுக்குப் போகிற ஷூ. நாலு என்றால் ஓரமாகத் தள்ளு. முப்பது வருஷமாக இதே வேலை. அவர் போட்ட கிரேடை முதலாளியே மாற்றமாட்டார் என்று பேச்சு. அதனால் அவர் தெருவில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், சர்க்கரையோ கிட்னியோ, கிரேடு தெரிந்த மனுஷன் என்று அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவரும் தோலைப் பார்ப்பது மாதிரியே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அன்று வந்தது அவர் மனைவியின் ரிப்போர்ட். மெஹருன் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் சூப்பர்வைசர். நாற்பது வயது இருக்கும். எண்பது மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் இவள் கழுத்தைப் பார்த்து, "இன்னாக்கா, இங்க ஒரு பக்கம் உருண்டையா இருக்குது" என்று சொல்லித்தான் ஸ்கேனுக்கு வந்தாள். தைராய்டில் வலது பக்கம் ஒரு கட்டி. ரிப்போர்ட்டில் டைராட்ஸ் என்கிற எண் நாலு.

"சும்மா இருங்க, ஜனங்க பாக்குறாங்க" என்று மெஹருன் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் நனைந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதோடு என் கோபம் போய்விட்டது. இரண்டு பேரையும் உள்ளே டாக்டரிடம் அனுப்பினேன்.

டாக்டர் கெட்டிக்காரர். விளக்கம் சொல்வதில்தான் கஞ்சம். "மாடரேட்லி சஸ்பீஷியஸ். ஊசி டெஸ்ட் பண்ணிக்கோங்க. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். சந்தேகம் என்பதையும் பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பினால் ஜனம் எதைப் பிடித்துக்கொள்ளும்?

2. எனக்கு ஏன் ஒண்ணு ஜாஸ்தி

ஜாஃபர் பாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் ஓர் எண்ணைக் கண்டால் இந்த ஊர் ஜனங்களுக்கு மனசு சும்மா இருக்காது.

மாதனூரிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் ஒரே நாளில் ஸ்கேன் எடுத்தார்கள். அக்காவுக்கு மூன்று, தங்கைக்கு இரண்டு. "ஒரே வூட்டுச் சாப்பாடு தான் சாப்புடுறோம். எனக்கு மட்டும் ஏன் ஒண்ணு ஜாஸ்தி?" என்று அக்கா என்னிடம் சண்டை. இன்னொரு அம்மா மகளுடைய ரிப்போர்ட்டைத் திருப்பி நீட்டி, "ரெண்டுன்னு மாத்திக் குடுங்களேன் மேடம், பொண்ணுக்கு வரன் பேசிக்கினு இருக்கோம்" என்றார். என்னவோ நான் ரேஷன் கார்டில் பெயர் திருத்துகிறவள் மாதிரி. எங்கள் ஜோலார்பேட்டைக்காரர் ஒருவர் நாலு என்பதை நாலாவது ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டு, கவுன்டர் எதிரில் நின்றே மூன்று ஊர் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அழுதார். ஸ்டேஜ் என்பது புற்றுநோய் இருப்பது உறுதியான பிறகு, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது. ஸ்கேன் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு ஸ்கூல் டீச்சர் இருந்தார், படித்தவர், "பிளட் டெஸ்ட்ல தைராய்டு நார்மல், அப்புறம் கட்டிக்கு எதுக்கு ஊசி?" என்று ஒரே பிடி. ரத்தப் பரிசோதனை சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. படித்தவரிடம் டாக்டர் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு ரயில் போய்விட்டது.

கவுன்டரில் புதிதாக உட்காருகிறவர்கள் இதையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டைராட்ஸ் என்பது ஸ்கேனில் தெரிகிற தோற்றத்துக்குப் புள்ளி போடுகிற முறை. கட்டி கெட்டியா, நீர் கோத்ததா? சுற்றியிருக்கும் சுரப்பியைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா? அகலத்தைவிட உயரம் ஜாஸ்தியா? ஓரம் ஒழுங்கா, கோணலா? உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி உண்டா? எல்லாப் புள்ளியையும் கூட்டி, அதை வைத்து ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போடுவார்கள். எண் ஏற ஏறச் சந்தேகம் ஏறும். வெறும் சந்தேகம்தான். நாலு என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஊசி தேவையா என்பதை எண்ணோடு அளவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். மூன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர், நாலுக்கு ஒன்றரை, ஐந்துக்கு ஒன்று. ஒன்று, இரண்டுக்கு ஊசியே இல்லை; அதனால்தான் இரண்டு வந்த எலுமிச்சம்பழம் அளவுக் கட்டிக்காரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வந்த சுண்டைக்காய் அளவுக்காரியை ஊசிக்கு உட்காரவைப்பார்கள். இதற்கும் ஒரு சண்டை வரும். மெஹருனுக்கு நாலு, ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். ஊசி வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. "ஸ்டெல்லா, நீ டைப் பண்ணு, டயக்னோஸ் பண்ணாத" என்று டாக்டர் முதல் வருஷமே உத்தரவு போட்டுவிட்டார். அது சரியான உத்தரவுதான். ஆனால் நாளாக நாளாக எனக்கு அது வசதியாகவும் ஆகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் "உங்க டாக்டர்கிட்ட கேளுங்க" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடலாம்.

3. பேடா

ஊசி டெஸ்டுக்கு வேலூரிலிருந்து ஒரு டாக்டர் வியாழக்கிழமை தோறும் வருவார். கட்டியைக் கையால் தடவிப் பார்த்து மெல்லிய ஊசியால் செல்லை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துப் போவார். ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் வரும். நான் பிரிண்ட் எடுத்துக் கவரில் போடுவேன். அப்போது எங்கள் சென்டரில் தாளின் இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுப்போம். அது யாருடைய யோசனை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மெஹருன் ஊசி போட்டுக்கொண்டு அடுத்த நாளே வேலைக்குப் போய்விட்டாள். லீவு போட்டால் மாசக் கடைசியில் முழு வருகைக்குத் தருகிற போனஸ் போய்விடும். அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க ஜாஃபர் பாய்தான் வந்தார். கவரை வாங்கிக்கொண்டு வெளியே ஸ்கூட்டர் பக்கம் போனார். அரைமணி கழித்து ஒரு பெட்டி பேடாவோடு திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஃபர்ஸ்ட் கிரேடு மேடம்! அல்லாவோட கிருபை. அன்னிக்கு ஏதோ கோவத்துல கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. எடுத்துக்கோங்க, இன்னொண்ணு எடுத்துக்கோங்க."

வரிசை நீளமாக இருந்தது. நல்ல செய்தியைத்தான் அவர் பாஷையில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எந்த எண் என்று கேட்கவில்லை. "ரொம்ப சந்தோஷம் பாய். ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி இரண்டு பேடா தின்றேன். மூன்றாவதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அவர் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. கிரேடு தெரிந்த மனுஷனுக்கு டாக்டர் எதற்கு?

4. திருப்புங்க பாய்

ஒன்பது மாதம் போயிற்று. ஒரு நாள் மெஹருன் தன் நாத்தனாரை வயிற்று ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். காத்திருந்த நேரத்தில் என் எதிரில் நின்று பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். விழுங்கும்போது கழுத்தில் அந்தக் கட்டி மேலே ஏறி இறங்கியது. முன்பு பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது.

"என்னம்மா, பெருசான மாதிரி இருக்கே. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டருக்கா? அதான் ஃபர்ஸ்ட் கிரேடு வந்துடுச்சே. ஒண்ணுக்கு இன்னாத்துக்கு டாக்டருன்னு இவரு சொல்லிட்டாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசி டெஸ்டில் செல்லைப் பார்த்துவிட்டுப் போடுகிற எண் வேறு. அதற்குப் பெதஸ்டா என்று பெயர், ஒன்றிலிருந்து ஆறு வரை. இரண்டு என்றால் கெடுதல் இல்லாத கட்டி. ஆறு என்றால் புற்றுநோய். நடுவில் இருப்பவை சந்தேகப் படிகள். ஒன்று என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஊசியில் வந்தது போதவில்லை, எதுவும் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம்.

கம்ப்யூட்டரில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் கடைசி வரி: கேட்டகிரி ஒன்று. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கம் மேலே இரண்டே வரி. செல்கள் போதவில்லை, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மறுபடி ஊசி போடவும் என்று ஆங்கிலத்தில். நான் அச்சடித்த தாள். ஒன்பது மாதத்துக்கு முன்பு என் கையால் மடித்துக் கவரில் போட்ட தாள்.

டாக்டரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு, "இன்னிக்கே அவங்கள உக்காரச் சொல்லு" என்றார். மெஹருன் கணவருக்குப் போன் பண்ணினாள். ஜாஃபர் பாய் கம்பெனியிலிருந்து நேராக வந்தார், விரலில் சாக்பீஸ் தூளோடு. வந்ததும் முதல் வார்த்தையே சண்டைதான்.

"ஒரு தடவை பாஸான தோல மறுபடி யாராவது டேபிள்ல போடுவாங்களா மேடம்? சும்மா பேஜார் பண்ணாதீங்க. அவ கழுத்துல எத்தினி வாட்டி குத்துவீங்க?"

"பாஸ் ஆகல பாய்."

"ஒண்ணுன்னு இருக்குதே. நானே பாத்தேன். எனக்குக் கண்ணு இல்லியா?"

"உங்க ஒண்ணு வேற, இந்த ஒண்ணு வேற பாய்."

"நம்பர்ல இன்னா மேடம் வேற? ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாக்டர் ஆங்கிலமும் தமிழும் கலந்து ஐந்து நிமிஷம் பேசிப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. டயக்னோஸ் பண்ணாதே என்ற உத்தரவை அன்று தூக்கிப் போட்டுவிட்டு நான் கவுன்டரை விட்டு வெளியே வந்தேன்.

"பாய், லாரியில தோல் கட்டு வந்து இறங்குது. கட்டு அவுக்கவே இல்ல. இது இன்னா கிரேடுன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"கட்டு அவுக்காம எப்படிச் சொல்றது? யாரு சொல்லுவா?"

"அதான் இது. உள்ள இருக்கறத யாரும் பாக்கல. கட்டே இன்னும் அவுக்கல."

அவர் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, எட்டாக மடித்த ஒரு தாளை வெளியே எடுத்தார். அதே ரிப்போர்ட். ஒன்பது மாதமாகப் பர்ஸில் வைத்திருந்திருக்கிறார், தாயத்து மாதிரி. பிரித்து முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திருப்புங்க பாய்" என்றேன்.

திருப்பினார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த இரண்டு வரியை உதடு அசைய அசையப் படித்து முடித்தார். தோல் என்றால் புரட்டாமல் ஒன்றுக்குக்கூட கிரேடு போடாதவர். அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மெஹருன்தான் முதலில் பேசினாள். "எந்திரிங்க. குத்தறது என் கழுத்துல, நீங்க ஏன் ஒக்காந்துட்டீங்க? அக்கா, எந்த ரூமுக்குப் போவணும்?"

5. எங்கள் டாக்டர் பாராட்டிய யோசனை

இந்தத் தடவை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். போதுமான செல் வந்தது. கேட்டகிரி ஆறு. பாப்பிலரி கார்சினோமா என்கிற தைராய்டு புற்றுநோய்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தைராய்டு முழுவதையும் எடுத்தார்கள். பக்கத்தில் இரண்டு நெறிக்கட்டிக்குப் பரவியிருந்ததால் அதையும் எடுத்தார்கள். இந்த வகை மெதுவாக வளரும், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் என்று ஆபரேஷன் செய்தவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் மெஹருனுக்குக் குரல் கம்மிப்போய், மெஷின் நடுவில் கை தட்டித்தான் ஆளைக் கூப்பிட்டாளாம். பிறகு குரல் வந்துவிட்டது. இன்றைக்கும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தால் அந்த நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்காதா என்று டாக்டரிடம் ஒரு நாள் கேட்டேன். "அப்பவே போயிருக்கலாம். அப்புறமும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது ஸ்டெல்லா" என்றார். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. எனக்கு அது அன்றிலிருந்து தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஏனென்றால் இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுக்கலாம் என்பது என் யோசனை. தாள் வீணாகிறது என்று நானாகப் போய்ச் சொன்னேன். டாக்டர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நானும் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன். பின்பக்கம் ஒரு பக்கம் இருக்கிறது என்று கவரை வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. ஜாஃபர் பாய் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தார். நான் அந்த வரியை அவர் கண்ணுக்கு மறைத்து வைத்தேன், அதோடு பேடாவும் தின்றேன்.

இதை மெஹருனிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவரு தப்புன்னு அவரு அழுவுறாரு. ஒங்க தப்புன்னு நீங்க அழுவுறீங்க. நானும் படிச்சவதானேக்கா, டென்த் பாஸு. என் கழுத்து ரிப்போர்ட்ட நான் ஒரு வாட்டியாவது கையில வாங்கிப் பாத்தேனா?" என்றாள். அவள் கோபம் அவள்மேல்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே ஒரு பக்கப் பிரிண்டுக்கு மாற்றினேன். டாக்டரிடம் அனுமதி கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி வர வேண்டியவர்களின் கவர்மேல் சிவப்பு மையில் தமிழில் எழுத ஆரம்பித்தேன்: "டெஸ்ட் இன்னும் முடியவில்லை. மறுபடி வரவும்." வராதவர்கள் பெயரை ஒரு நோட்டில் குறித்து மாசக் கடைசியில் போன் போட்டேன். பாதிப் பேர் திட்டினார்கள். "டெஸ்ட் எடுக்கறதுக்குன்னே போன் பண்றீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும். நாற்காலியில் இப்போது இருக்கிற பெண்களே, அந்த நோட்டு இரண்டாவது டிராயரில் இருக்கிறது, அதை நிறுத்திவிடாதீர்கள். எண் என்னவென்று யார் கேட்டாலும் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வரிசை நிற்கட்டும்.

நான் ஓய்வு பெற்ற வாரம் ஜாஃபர் பாய் வந்தார். பக்கத்து வீட்டுக்காரருடைய ரிப்போர்ட்டை வாங்கிப் போக வந்திருந்தார். தெரு இன்னும் அவரை விடவில்லை. நான் கவரைக் கொடுத்தேன். "கிரேடு போடப்போறீங்களா பாய்?" என்று கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல்.

"இல்ல மேடம். இப்பல்லாம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது மட்டும்தான் என் வேல."

கவுன்டர் எதிரிலேயே கவரைத் திறந்து தாளை வெளியே எடுத்தார். முன்பக்கம் பார்க்கவில்லை. முதலில் புரட்டினார். பின்பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். அதைக் கையால் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் திருப்பினார்.